ஷூவுக்குள் இருக்கும் ஊர்

அக்கா, இதை ஹாஸ்டலில் யாருக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. இது உனக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

நம் மாவட்டத்தின் குணத்தைச் சொல்லும் ஊர்ப்பெயர் எது என்று பள்ளியில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எல்லோரும் வேலூர், ஆற்காடு என்று எழுதினார்கள். நான் ஓர் இத்தாலி ஊரின் பெயரை எழுதினேன். ஆம்பூரில் தைக்கிற ஷூவுக்குள் அப்பா தங்க எழுத்தில் அச்சடிப்பாரே, அந்த ஊர். தைப்பது நாம், பெயர் அவர்களுடையது, இதுதான் நம் மாவட்டம் என்று முடித்தேன்.

சாட்சிக்கு, அந்தப் பெயர் அச்சடித்த தோல் துண்டு ஒன்றையும் ஒட்டிவிட்டேன். எழுத்து கோணலாக விழுந்ததால் கழித்தது. புத்தகத்தில் அடையாளம் வைக்க அப்பா எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்குத்தான் முதல் பரிசு. கொடுக்க வருபவர் அப்பாவின் முதலாளி. கட்டுரையை மேடையில் அவர் கையில் தருவார்களாம். கம்பெனியிலிருந்து ஒரு துண்டு வெளியே வந்தாலும் வேலை போய்விடும். போன மாதம் அஸ்பாக் மாமாவை அப்படித்தான் அனுப்பினார்கள்.

கரோலின் டீச்சரிடம் கட்டுரையைத் திருப்பிக் கேட்டேன். "பேஜார் பண்ணாதடி, பீரோவுல வெச்சிப் பூட்டியாச்சி" என்றார்.

அப்பா நாளைய விழாவுக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "என் பொண்ணு மொதலாளி கையால பரிசு வாங்கப்போறா" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவரிடம் நான் இன்னும்…

அப்பா கதவைத் தட்டுகிறார். "தூங்கலையா கண்ணு? அப்டி இன்னாதான் கட்டுரைல எழுதின, எனக்கும் ஒரு தபா படிச்சிக் காட்டேன்."