கிராக்கோவில் கை நனைக்காத கிழமை

இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எதற்குப் புதுப் பழக்கம்? குசினிக்குள் நின்று கூப்பிட்ட அதே கூப்பாட்டோடு தொடங்குகிறேன். அங்கே கேட்கிறதுதானே?

முதலாம் ஆட்டைத் திவசத்துக்கு அடிக்கிற நினைவு மலரில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரிக் கவிதை வைக்கலாமென்று உங்கள் தம்பி கேட்டார். ஆறாத துயரம், நீங்காத நினைவு எல்லாம் வேண்டாம், அந்தப் பக்கத்தை எனக்குத் தாருங்கள், நானே எழுதுகிறேன் என்றேன். சரவணை ஊர் முழுக்க வாசித்தால் வாசிக்கட்டும். பாதிக் கதை ஏற்கெனவே ஊருக்குத் தெரியும். மிச்சத்தை அவர்கள் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முதல் நானே சொல்லிவிடுகிறேன்.

செய்தி இதுதான். உங்கள் பெண்சாதி விமானம் ஏறிப் போலந்துக்குப் போய், கிராக்கோவ் என்ற பட்டினத்தில் ஒரு கிழமையாகக் கடைச் சாப்பாடு சாப்பிட்டாள். முகத்தைச் சுளிக்காதீர்கள். முழுவதையும் கேளுங்கள்.

யாழ்ப்பாணம் போனாலும் புட்டைப் பொதி கட்டிக்கொண்டு போன மனிதர் நீங்கள். பஸ் நிலையத்தில் ஒரு தேத்தண்ணி குடிப்பதற்குக்கூட யோசிப்பீர்கள். வெளியில் நீங்கள் இலை போட்டு இருந்த ஒரே இடம் நயினாதீவு அம்மன் கோயில் அன்னதானம். "அம்மன்ரை பந்தி கடையில்லையப்பா, அது எங்கடை வீடு" என்பீர்கள். வீட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. மாமாவின் திவசத்தன்று காகம் வந்து சோற்றில் வாய் வைக்கும்வரை ஒருவரும் சாப்பிடக் கூடாதென்று, வேலியோரம் நின்று தொண்டை கட்டக் கட்டக் "கா, கா" என்று கத்தினீர்களே, நினைவிருக்கிறதா? வந்த சனமெல்லாம் பசியோடு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் மகள் துளசி அந்தப் பொடியனைப் பற்றிச் சொன்ன நாளும் உங்களுக்கு மறந்திருக்காது. போலந்துக்குப் படிக்கப் போன பிள்ளை அங்கேயே வேலை எடுத்து, அங்கேயே ஒருவனையும் பிடித்துவிட்டாள். கைபேசித் திரையில் மாரெக் வந்து "வணக்கம், மாமா" என்றான். நீங்கள் தோட்டத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறவேண்டும் என்று எழும்பிப் போய்விட்டீர்கள். அன்று தண்ணீர் முறை எங்களுடையதே இல்லை.

இரவு படுக்கும்போதுதான் வாய் திறந்தீர்கள். "முதல்லை ஆக்களைப் போய்ப் பாப்பம். பேச்சு முற்றாகாமல் அவையின்ரை வீட்டிலை நீர் கை நனைச்சுப் போடாதையும், சொல்லிப்போட்டன்." எங்கள் ஊர் வழக்கம்தான் அது. சம்பந்தி வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம் சொன்னதாகிவிடும். ஓம் என்றும் நீங்கள் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அரைவாசிப் பேச்சில் என் கையில் தந்துவிட்டு இப்படியா போவது?

அதனால்தான் மாசி மாதக் குளிரில் தனியாகப் போனேன். மாரெக்கின் தாய் டனுட்டா விமான நிலையத்துக்கே வந்துவிட்டார். டிராம் ஓட்டுகிற மனுசி, உயரமானவர், கையைப் பிடித்தால் எலும்பு நொந்து போகும். தகப்பன் எப்போதோ விட்டுப் போய்விட்டாராம், அந்தக் கதையை நானும் கிளறவில்லை. நேரே தங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டார். நான் துளசியைப் பார்த்தேன்.

"வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை. காரணத்தையும் விளக்கமாச் சொல்லு."

"அம்மா, கரண்டியாலை சாப்பிட்டால் கை நனையாதுதானே?"

"அந்தச் சட்டத்தை உன்ரை கொப்பரிட்டைப் போய்ச் சொல்லு."

அவள் அவர்களின் மொழியில் ஏதோ சொன்னாள். டனுட்டாவின் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, சரி, வெளியில் சாப்பிடுவோம் என்றார். அப்படித்தான் கடைகடையாக அலைச்சல் தொடங்கியது.

முதலில் பெரிய சதுக்கத்தில் ஒரு நிலவறைக் கடை. அரசர் காலத்துக் கல்வளைவுகள், மேசைக்கு மேசை மெழுகுதிரி. மருந்துக்கும் சைவம் இல்லை. உங்கள் ஆட்டைத் திவசம் முடியும்வரை நான் மச்சம் மாமிசம் தொடுவதில்லையே. கடைசியில் அவித்த உருளைக்கிழங்கு வந்தது. மறுநாள் புளிக்க வைத்த மாவில் காய்ச்சுகிற ஒரு சூப். முட்டையையும் இறைச்சியையும் விலக்கித் தந்தார்கள். பழஞ்சோற்றுத் தண்ணீரின் புளிப்பு அதில் இருந்தது, உங்களுக்குப் பிடித்திருக்கும். அதோடும் அவித்த உருளைக்கிழங்கு.

பிறகு பழைய யூதர் பகுதியில் வட்டமான ஒரு சந்தைக் கட்டடம். அங்கே முழ நீளத்தில் வெதுப்பிய பாணைப் பிளந்து காளானும் சீஸும் வைத்துச் சுட்டுத் தருகிறார்கள். எல்லாரும் குளிரில் நின்றபடி சாப்பிடுகிறார்கள். நின்று சாப்பிட்டு எனக்கு எங்கே பழக்கம்? மாரெக் எங்கிருந்தோ ஒரு கதிரை தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். சாப்பிட்டு முடியமுதலே "அம்மா, காணுமோ?" என்றான். போதுமா என்று கேட்கத் துளசி பழக்கிய சொல். எந்தக் கடையிலும் அதைக் கேட்காமல் அவன் தன் சாப்பாட்டுக் கோப்பையைத் தொட்டதில்லை.

ஒருநாள் எனக்காக இந்தியக் கடை ஒன்றுக்கும் போனோம். பருப்புக்குள் சீனி போட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது இனிப்பில், டனுட்டாவுக்கு வந்தது உறைப்பில். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, ஆனாலும் அதை வைத்துச் சம்பந்தம் முற்றாக்க முடியுமா? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று இரவெல்லாம் புரண்டேன்.

கடைசியில் டனுட்டா தான் வேலைநாட்களில் சாப்பிடுகிற இடத்துக்குக் கூட்டிப் போனார். பால் பார் என்று பெயர். அலங்காரம் ஒன்றும் இல்லை. வரிசையில் நின்று சொல்லவேண்டும், குசினி யன்னலில் தட்டத்தை வாங்கவேண்டும், எந்த மேசையில் இடமிருக்கிறதோ அங்கே இருக்கவேண்டும். எங்கள் மேசையில் ஒரு கிழவர், ஒரு மாணவி, மேலெல்லாம் பெயின்ற் பட்ட ஒரு தொழிலாளி. கிழவர் ஊன்றுகோலோடு தட்டத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார். டனுட்டா அவருடைய தட்டத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டார். எனக்கு நயினாதீவுப் பந்தி ஞாபகம் வந்துவிட்டது. உங்களைக் கூட்டிப் போயிருந்தால் இந்த ஒரு கடையில் நீங்களும் சாப்பிட இருந்திருப்பீர்கள்.

கோப்பையில் வந்ததைப் பார்த்தால், எங்கள் கொழுக்கட்டை! அதே பிறை, ஓரத்தில் அதே விரல் அடையாளம். பியரோகி என்கிறார்கள். உள்ளே பயறும் சர்க்கரையும் இல்லை, கிழங்கும் பாற்கட்டியும். நான் ஆசையோடு எடுக்கப் போக, டனுட்டா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். துளசியின் முகம் மாறியது.

"அம்மா, நீங்கள் தங்களுக்குக் கறுப்புச் சூப் வைக்கிறியளோ எண்டு கேக்கிறா."

"நான் எங்கையடி சூப் வைச்சனான்?"

அந்தக் காலத்தில் அங்கே பெண் கேட்டு வருகிறவனைப் பிடிக்காவிட்டால் வாயால் சொல்ல மாட்டார்களாம். வாத்தின் இரத்தத்தில் காய்ச்சிய கறுப்புச் சூப்பை அவன் முன்னால் வைப்பார்களாம். அவன் விளங்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுவானாம்.

துளசி மிச்சத்தையும் சொன்னாள். "'முதல் நாளே என்ரை வீட்டை வரமாட்டன் எண்டியள். எனக்கு அப்பவே அந்தச் சூப்தான் நினைவு வந்தது. விருப்பமில்லையெண்டால் முகத்துக்கு நேரை சொல்லுங்கோ, என்ரை பிள்ளையை நான் தேற்றுவன். இப்பிடிக் கடைகடையாத் திரிய என்னாலை ஏலாது' எண்டு சொல்லுறா."

"பிள்ளை, நீ இவ்வளவு நாளும் அவவுக்கு என்ன சொன்னனி?"

"களைப்பெண்டு சொன்னனான். பிறகு வயிறு சரியில்லையெண்டு. சம்மதத்துக்கு யோசிக்கிறியள் எண்டு சொன்னால் மாரெக் உடைஞ்சு போயிடுவான், அம்மா."

அப்போதுதான் அந்த அவித்த உருளைக்கிழங்கு எதற்கென்று விளங்கியது. என் வயிற்றுக்காக டனுட்டா தேடித் தேடிச் சொல்லியிருக்கிறார், பாவம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. எங்கள் கை நனைக்கிற வழக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். பாதியிலேயே டனுட்டா விளங்கிக்கொண்டு தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

அவர்கள் சூப்பை வைத்துச் சொல்கிறார்கள், நாங்கள் சாப்பிடாமல் இருந்து சொல்கிறோம். இதில் என்ன பெரிய வித்தியாசம்? மனதில் வைத்துக் குமையாமல் நேருக்கு நேர் கேட்ட மனுசியை எனக்குப் பிடித்துவிட்டது. கேட்டுவிடுகிற மாமியோடு பிள்ளை சீவிக்கலாம்.

"நாளைக்கு உங்கடை வீட்டை சாப்பிட வாறன்" என்றேன். துளசி அதை மொழிபெயர்க்கவேயில்லை. மேசையைச் சுற்றி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மாரெக் விளங்காமல் "அம்மா, காணுமோ?" என்றான். பெயின்ற் பட்ட தொழிலாளிகூடச் சிரித்தார்.

மறுநாள் அவர்களின் சின்னக் குசினியில் நானும் டனுட்டாவும் சேர்ந்து பியரோகி பிடித்தோம். என் ஓரம்தான் நேராக வந்தது, அதை அவரே ஒத்துக்கொண்டார். கையைக் கழுவிவிட்டு விரலாலேயே எடுத்துச் சாப்பிட்டேன். அவர்களும் கரண்டியைத் தள்ளி வைத்தார்கள். நல்ல ருசி. ஆனாலும் இரண்டாவதைக் கோப்பையிலேயே வைத்துவிட்டேன். நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அவர்களுக்கு முன்னாலேயே அழுதேன்.

டனுட்டா என் முதுகைத் தடவிக்கொண்டு, இப்போது எல்லாம் முற்றாகிவிட்டதா என்று கேட்டார். "என்ரை பாதி முற்று. மற்றப் பாதி அவரிட்டை" என்றேன். அவரிடம் எப்படிக் கேட்பது என்றார். திவசத்தையும் படையலையும் காகத்தையும் பற்றிச் சொல்லி, காகமாக வந்து நீங்கள் வாய் வைத்தால் அதுவே சம்மதமென்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப நானும் வாறன். அவர் சாப்பிட்ட பிறகு உங்கடை வீட்டிலை நான் கை நனைப்பன்" என்றார்.

சொன்னபடி வருகிறார்கள். மூன்று பேரும் திவசத்துக்கு இரண்டு நாள் முதலே வந்து இறங்குகிறார்கள். அதுவரைக்கும் டனுட்டா எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டாராம், சரவணையில் நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று கேட்டு எழுதியிருக்கிறார்! சந்தித் தேத்தண்ணிக் கடையையும் அங்கே போடுகிற வடையையும் தவிர நான் எதைச் சொல்வது? ஒருநாள் நயினாதீவுக்கு வள்ளத்தில் கூட்டிப்போய் அம்மன் பந்தியில் இருத்தலாமென்று நினைத்திருக்கிறேன். மற்ற நாள் வடைதான் பாடு.

படையலுக்கு உங்கள் கத்தரிக்காய்க் குழம்பு, பாவற்காய், பருப்பு, அதோடு நானே பிடித்த பியரோகியும் ஒரு கரையில் இருக்கும். உறைப்பை யாருக்காகவும் குறைக்க மாட்டேன், இது சத்தியம். வேலியோரம் நான் நிற்பேன், பக்கத்தில் அந்த உயரமான மனுசியும் நின்று தன் பாஷையில் உங்களைக் கூப்பிடுவார். மாரெக்குக்கும் "கா, கா" சொல்லிக் கொடுத்தாயிற்று.

இந்த முறை தண்ணீர் மாறவேண்டும் என்று எழும்பிப் போகக் கூடாது. நேரத்தோடு வந்து சாப்பிட்டுவிடுங்கள். சம்பந்தியம்மா பசியோடு நிற்பா.

உங்கள் மற்றப் பாதிக்காகக் காத்திருக்கும்,
துளசியின் அம்மா