திரைக்குப் பின்னால் ஊதச் சொன்னார்

மார்ச் 9, சனி இரவு

கோபத்தில் தூக்கம் வரவில்லை. ஒரு வருஷமாக பிலிமத்தலாவை பேண்ட் குழுவில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலில் ஜாஸ் பழகுகிறேன். இன்று கண்டி ஹோட்டலில் என் முதல் கச்சேரி. மேடையேறும் நேரத்தில் குழுத்தலைவர் செல்வம் அண்ணன் வந்தார்.

“பொம்பள கன்னத்த உப்பிக்கிட்டு ஊதுனா பாக்க நல்லாயில்ல, தங்கச்சி. திரைக்குப் பின்னால நின்னு ஊதுங்க.”

நின்றேன். இரண்டாவது பாட்டின் நடுவில் ஊதுவதை நிறுத்திவிட்டேன். டியூபாவின் கீழ்ச்சுரம் போனதும் பாட்டு தடுமாறியது. பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த விருந்தினர்களும் நின்றுவிட்டார்கள். அவர் ஓடி வந்தார்.

“ஏன் நிறுத்துனீங்க?”

“முன்னால வந்துதான் ஊதுவேன்.”

வேறு வழியில்லாமல் முன்னால் ஒரு கதிரை போட்டார்கள். தனியாக ஊதும் என் முறை வந்தபோது மனம்போன போக்கில் ஊதினேன். சபையே கைதட்டியது. அதற்கும் அவர்தான் குனிந்து வணங்கினார். நாளை ஒத்திகைக்குக் கூப்பிட்டிருக்கிறார். போவேன். அவர் மன்னிப்புக் கேட்கும்வரை டியூபாவைப் பெட்டியைவிட்டு எடுக்கமாட்டேன்.