அமிர்தம் கை தூக்கினாள்

11-7-1962, புதன்

காலேஜில் பி.யு.சி. புகுமுக வகுப்பு தொடங்கி ஒன்பது நாள். இன்றும் ஒன்றும் புரியவில்லை.

லூர்து மிஸ் பௌதிகத்தை ஐம்பது நிமிஷம் இங்கிலீஷிலேயே நடத்துகிறார். நகராட்சிப் பள்ளியில் இதையெல்லாம் தமிழில் படித்து முதல் மார்க் வாங்கிய நான், நன்றாகத் தலையாட்டுகிறேன். கான்வென்ட் பெண்கள் சிரித்தால் நானும் சிரிக்கிறேன்.

இன்று நடுவில் அமிர்தம் கை தூக்கினாள். ஆறு வருஷமாக என்னோடு அதே பள்ளியில் படித்தவள். என்றைக்கும் எனக்கு அடுத்த மார்க்தான். எழுந்து நின்று, "மிஸ், ப்ளீஸ், ஒன்ஸ் மோர். மேல போன பந்து எதுக்கு நிக்குது?" என்றாள், பாதி இங்கிலீஷ் பாதி தமிழ். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எனக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது.

12-7-1962

மிஸ் இரண்டாம் தடவை சொன்னதுகூட எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கு அவள் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை.

3-8-1962

நல்ல மழை. அமிர்தத்தின் அப்பா வீரமலைக்குச் சிந்தாமணியில் ஜட்காக் குதிரைவண்டி ஓட்டுகிற வேலை. இன்று மகளைக் கூட்டிப்போக காலேஜ் வாசலுக்கே வண்டியைக் கொண்டுவந்தார். அவள் என்னையும் ஏறச் சொன்னாள். நான் ஏறவில்லை. பஸ்ஸுக்கு நின்று, துப்பட்டியெல்லாம் தெப்பலாக நனைந்து வந்தேன். யாரைப் பழிவாங்கினேன் என்று தெரியவில்லை.

ஏறும்முன் அவள் கேட்டது: "உனக்கு எல்லாம் புரியுதா ஜஹானாரா?"

"ஏன் புரியாம?"

"அதானே, நீ பர்ஸ்ட் மார்க் ஆச்சே. எனக்குக் கணக்கு மட்டும் கொஞ்சம் சொல்லித் தர்றியாடி?"

"நேரமே இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

கணக்கு ஒன்றுதான் எனக்கு வருகிறது. அதற்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை. அதையும் இவளுக்குக் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிச்சம்?

24-9-1962, திங்கள்

பௌதிகத் தேர்வில் எனக்குப் பத்தொன்பது. அவளுக்கு ஐம்பத்து நாலு.

நாற்பது பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன், ஒரு எழுத்துப் பிசகாமல். எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்தை எழுதுவது என்பதுதான் தெரியவில்லை.

அத்தா தையல் மெஷினை நிறுத்திவிட்டு மார்க்கைப் பார்த்தார். "பாஸாகலைன்னா இந்த ஒரு வருஷத்தோட படிப்பு போதும்மா. சம்பந்தம் கேட்டு வந்துக்கிட்டே இருக்காங்க. நான் எத்தனை சாக்குதான் சொல்றது?" கோபமே இல்லாமல் சொன்னார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

11-10-1962, வியாழன்

வியாழக்கிழமைகளில் அமிர்தம் நாலு மணி பஸ்ஸுக்கு வருவதில்லை. லூர்து மிஸ் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறாராக இருக்கும். மிஸ்ஸுக்குச் செல்லம்! கேள்வி கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள். ஜட்காக்காரர் மகளுக்கு இருக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லையே.

அவள் பெயிலாக வேண்டும். எழுதிவிட்டேன். இதை அடித்து அழிக்கப் போவதில்லை.

18-10-1962, வியாழன்

இன்று பின்னாலேயே போனேன். கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்புறம் ஒரு காலி அறை. மிஸ் இல்லை. கரும்பலகையருகே சாக்பீஸோடு நின்றது அமிர்தம்தான். எதிரே ஐந்து பெண்கள். ஸ்ரீரங்கம் நகராட்சிப் பள்ளியிலிருந்து வந்த காளியாயி, பொன்மலை ரோசம்மாள், இன்னும் மூன்று பேர். எல்லாரும் என்னைப் போலத் தமிழில் படித்து வந்தவர்கள்.

"காலைல மிஸ் சொன்னது இதாண்டி" என்று சாக்பீஸை மேலே எறிந்து பிடித்துக்காட்டி, எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டேன். மூன்று மாதமாகத் தலையாட்டியதெல்லாம் பத்து நிமிஷத்தில் புரிந்தது. அவமானத்தில் காது சுட்டது.

காளியாயி என்னைப் பார்த்துவிட்டுப் பதறி எழுந்தாள். "நாங்க ஒண்ணும் சத்தம் போடலீங்க." கான்வென்ட் பெண்களோடு சேர்ந்து சிரிப்பதால் என்னையும் கான்வென்ட் என்றே நினைத்துவிட்டாள் போல.

எனக்கு வந்ததே ஆத்திரம்! அமிர்தத்திடம், "என்னை மட்டும் ஏண்டி கூப்பிடல?" என்றேன்.

அவள் முழித்தாள். "உனக்குத்தான் எல்லாம் புரியுதேடி? நீ தலையாட்டறதப் பாத்துத்தான் நாங்க பயந்துபோய் இந்தக் கிளாஸே ஆரம்பிச்சோம்."

அவள் பெஞ்சிலிருந்த பையை நகர்த்தினாள். உட்கார்ந்தேன். நன்றி சொல்லவில்லை.

20-12-1962

அரையாண்டில் பௌதிகம் நாற்பத்தொன்று. அத்தா மார்க் அட்டையை இரண்டு தடவை பார்த்தார்.

கணக்கைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வியாழன்தோறும் அவளிடம் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறேன், இதை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. நான் என்ன ஜென்மம்?

5-6-1963, புதன்

பேப்பரில் ரிசல்ட். என் நம்பர் இருக்கிறது. காளியாயி, ரோசம்மாள், அந்த மூன்று பேர், எல்லார் நம்பரும் இருக்கிறது.

அமிர்தத்தின் நம்பர் இல்லை.

முதலில் பார்த்தபோது உள்ளே ஏதோ துள்ளியது. ஒரு நொடிதான். ஆனால் துள்ளியது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. பிறகு பழைய பக்கங்களைப் புரட்டி அக்டோபர் பதினொன்றாம் தேதியைப் படித்தேன். அத்தா பாலக்கரையில் மிட்டாய் வாங்கிவந்தார். என்னால் தின்ன முடியவில்லை.

7-6-1963

சிந்தாமணி போனேன். அவள் அப்பா குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். "வாம்மா, உள்ளதான் இருக்கு" என்றார். அழுத முகம் அவருக்கும்.

"கணக்குல போச்சுடி. மத்ததெல்லாம் தேறிட்டேன்" என்றாள்.

"என்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாமில்ல?"

"நேரமில்லன்னியே. நீயும் எவ்வளவுதான் படிப்பே, பாவம்."

நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள்! பத்து மாதமாக. திட்டியிருந்தால் தேவலை. செருப்பால் அடித்திருந்தாலும் தேவலை. பொய் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "செப்டம்பர்ல எழுதுவேல்ல? நோட்டை எடு" என்றேன்.

19-8-1963

பி.எஸ்ஸி. வகுப்பு முடிந்ததும் நேராகச் சிந்தாமணிதான். தினமும். ஒரே கணக்கை நாலு தடவை கேட்கிறாள். அவர்கள் வீட்டிலேயே எனக்கு எதிரே உட்கார்ந்து கை தூக்குகிறாள்! கத்தினேன். இன்று கத்திய கத்தலில் குதிரை கனைத்தது. சிரித்துவிட்டோம்.

அன்றைக்கு எனக்கு நேரம் இருந்தது என்பதை இன்று சொல்லிவிட்டேன். நோட்டில் பக்கத்தைத் திருப்பி, "சரி, அடுத்த கணக்கு" என்றாள்.

22-11-1963

தேறிவிட்டாள். கணக்கில் எண்பத்தேழு.

ஏப்ரலில் எனக்கு எண்பத்து மூன்று. சொல்லிக்கொடுத்தது நான். நாலு மார்க்! சாயங்காலம் முழுக்க வயிறு எரிந்தது.

2-7-1964, வியாழன்

அமிர்தம் இப்போதுதான் பி.எஸ்ஸி. முதல் வருஷம் சேர்ந்திருக்கிறாள். நான் இரண்டாம் வருஷம். அவளுடைய ஒரு வருஷம் போனது போனதுதான்.

லேபுக்குப் பின்னால் அதே அறை. இந்த வருஷம் நகராட்சிப் பள்ளிகளிலிருந்து பதினொரு பேர். பௌதிகம் அவள், கணக்கு நான். இன்று என் முறை. முன்பெஞ்சில் ரஷீதா என்று ஒரு பெண், நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அழகாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியாதா?

"என்ன புரிஞ்சுது, சொல்லு" என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. கண்ணில் நீர் கட்டிவிட்டது.

அப்போது பின்பெஞ்சிலிருந்து அமிர்தம் கை தூக்கினாள். எண்பத்தேழு வாங்கியவள்.

"ஒன்ஸ் மோர், மிஸ். எனக்குப் புரியல."

எல்லாரும் சிரித்தார்கள், ரஷீதாவும்தான். பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன்.

அந்தப் பெண்ணை அப்படிக் காப்பாற்ற எனக்கு முதலில் தோன்றவில்லையே என்று வீட்டுக்கு வந்தும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.