மருந்தாளுநர் மேல் நான் எழுதிய புகார்

மார்ச் 3, செவ்வாய்

இன்று நான்கு பிரசவம். மூன்றாவது பெண்ணுக்கு ரத்தம் நிற்க அரை மணி நேரமானது. குழந்தை வந்ததும் தொடையில் ஊசி போட்டாகிவிட்டது. அதைப் போட்டால் கர்ப்பப்பை கல் மாதிரி இறுக வேண்டும், ரத்தம் தானாக அடங்க வேண்டும். கை வைத்துப் பார்த்தால் தொளதொளவென்று இருக்கிறது. இன்னொன்று போட்டு, வயிற்றை அழுத்திப் பிடித்து, ஒருவழியாக நின்றது. பிப்ரவரியிலும் இப்படி இரண்டு பேர்.

மருந்தில் ஏதோ இருக்கிறது. அல்லது மருந்தில் ஒன்றுமே இல்லை.

மருந்து வருவது பூட்டின் கையிலிருந்து. எங்கள் மருந்தாளுநருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. மருந்தறைக்கு ஒரு பூட்டு, ஃபிரிட்ஜுக்கு ஒரு பூட்டு, பேனா டப்பாவுக்கும் ஒரு பூட்டு. காலையும் மாலையும் ஃபிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவார். ஃபிரிட்ஜுக்குக் காய்ச்சல் பார்க்கும் ஒரே மனிதர். போன வருடம் ஒரு கேஸுக்கு அவசரமாக ஊசி வேண்டியிருந்தபோது சாவியோடு சாப்பிடப் போய்விட்டார். பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தோம். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி லேபர் ரூமில் என் இரும்பு அலமாரியில் வைத்துக்கொள்கிறேன். யாரிடமும் கையேந்த வேண்டாம்.

மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு இத்தனை பூட்டு எதற்கு?

மார்ச் 9

பூட்டு புதுச் செருப்பு போட்டு வந்திருக்கிறார். திடீரென்று என்ன?

மார்ச் 17, செவ்வாய்

மூன்று முறை கை கழுவிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தையல் கடையில் வேலை பார்க்கும் பெண். இருபத்திரண்டு வயது, முதல் பிரசவம். காலை பதினொன்றேகாலுக்குப் பெண் குழந்தை, நல்ல அழுகை. ஊசி போட்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் துணியை விலக்கினால் விரிப்பெல்லாம் ரத்தம். இரண்டாவது ஊசி. டிரிப்பில் இன்னும் இரண்டு. டாக்டரம்மா கையை உள்ளே விட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அலமாரியில் மிச்சம் இருந்ததையும் உடைத்துப் போட்டேன். இறுகவே இல்லை. பூட்டைத் தேடி ஆளனுப்ப நேரமில்லை, அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்: “பாப்பா எங்க சிஸ்டர்?”

பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. வெளியே நின்ற மாமியாரிடம் சொன்னார்கள். இனிமேல் குழந்தையே பிறக்காதா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, “ஆரம்பத்துலருந்தே இவ உடம்பு சரியில்லாத உடம்பு” என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. ரத்தம் நல்ல அளவு, பிரஷர் சரி, கேஸ் ஷீட் முழுக்க என் கையெழுத்தில் இருக்கிறது. குறை மருந்தில்.

மார்ச் 19, வியாழன்

புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். மருந்தாளுநர் நல்ல மருந்தை வெளியே விற்றுவிட்டுப் போலியை உள்ளே வைக்கிறார் என்று சந்தேகிக்கிறேன், விசாரிக்க வேண்டும் என்று. மூன்று பக்கம்.

வீட்டுக்காரர் படித்துப் பார்த்தார். “பால்காரர்லருந்து பக்கத்து வீட்டுப் பூனை வரைக்கும் உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்தான்” என்றார். இருக்கட்டும். சந்தேகப்படாமல் நர்ஸ் வேலை பார்க்க முடியுமா? இரண்டு பேருக்கு ரத்தப் பிரிவை மாற்றி எழுதியிருந்ததைப் போன மாதம் கண்டுபிடித்தது யார்?

தங்கைக்கு ஏழாம் மாதம். மே கடைசியில் தேதி. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பெற்றுக்கொள்வாளாம். “நீ இருக்கறப்ப எனக்கென்னக்கா பயம்?” என்கிறாள். அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மார்ச் 30, திங்கள்

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட அம்மாள், அதிகம் பேசவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். என் அலமாரியில் அன்று ஒன்றும் இல்லை, அதனால் அங்கே எடுக்க எதுவும் இல்லை.

பூட்டு சொன்ன பதிலைக் கவனித்தேன். “என் கையில இருக்கற வரைக்கும் நான் பொறுப்பு மேடம். வாங்கிட்டுப் போனப்புறம் அது எங்க இருக்குதுன்னு எனக்கெப்படித் தெரியும்?”

எவ்வளவு சாமர்த்தியமாகப் பழியை எங்கள் பக்கம் தள்ளுகிறார் பாருங்கள். பேசும்போது என் முகத்தையே பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு.

ஏப்ரல் 3, வெள்ளி

பூட்டை விசாரணை முடியும்வரை பணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வராந்தாவில் எல்லோரும் பார்க்கச் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 10, வெள்ளி

புது மருந்தாளுநர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், எதையும் பூட்டுவதில்லை. தேவைப்படும்போது ஆயாவே போய் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வருகிறாள். இன்று புதுப் பெட்டி வந்தது. என் கண்ணெதிரே சீலை உடைக்கச் சொல்லி, அதிலிருந்து பத்து ஊசியை நானே எண்ணி எடுத்து என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அது தங்கைக்கு. புது ஆளை மட்டும் எத்தனை நாள் நம்புவது?

ஏப்ரல் 29

இந்த மாதம் முப்பத்தெட்டுப் பிரசவம். ஒருவருக்குக்கூட அப்படி ரத்தம் போகவில்லை. பூட்டு போனார், ரத்தமும் நின்றது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஃபிரிட்ஜ் மாதிரியின் முடிவு வந்தது. மருந்து சரியாக இருக்கிறதாம். சோதனைச் சாலையிலும் அவருக்கு ஆள் இருப்பார்கள் போல. இன்னும் பெரிய இடத்துக்கு எழுதப் போகிறேன்.

மே 11

தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை. ஜன்னலோரம் வைத்த ஆயாவின் பிளாஸ்டிக் சீப்பு வளைந்துவிட்டது.

மே 26, செவ்வாய்

தங்கை பிழைத்துவிட்டாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு ஆண் குழந்தை. ஆயா ஃபிரிட்ஜுக்குப் போகக் கிளம்பினாள், வேண்டாம் என்று தடுத்து அலமாரியைத் திறந்தேன். நானே சீல் உடைக்க வைத்தது, நானே வைத்தது, வேறொரு கை படாதது. போட்டேன். கர்ப்பப்பை இறுகவில்லை. இன்னொன்று போட்டேன். ரத்தம் என் முழங்கை வரை. “அக்கா, குளிருது” என்றாள். இந்த வெயிலில்.

டாக்டரம்மா என்னைத் தள்ளிவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவரச் சொல்லி ஆயாவை விரட்டினார். அது உள்ளே போன சில நிமிடங்களில் என் உள்ளங்கைக்குக் கீழே கர்ப்பப்பை இறுகியது. கல் மாதிரி.

மே 27, புதன்

உடைத்த கண்ணாடிக் குப்பிகளைக் குப்பைத் தொட்டியிலிருந்து பொறுக்கி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் அலமாரியில் இருந்ததும் ஃபிரிட்ஜில் இருந்ததும் ஒரே எண், ஒரே பெட்டி. இதில் பூட்டு எங்கே வந்தார்? அவர் இங்கே இல்லவே இல்லையே.

தெர்மாமீட்டரை அலமாரிக்குள் வைத்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்தேன். நாற்பத்திரண்டு. பின்பக்கம் கருவிகளைக் கொதிக்க வைக்கும் பெட்டி, மேலே தகரம். குளிரில் வைக்கவும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. எனக்குத் தெரியாதா? படித்தவள்தானே? எல்லா மருந்திலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன் — கண்ணாடிக்குள் மூடியிருக்கிறது, என்ன ஆகிவிடப் போகிறது என்று —

பிப்ரவரியில் இரண்டு பேர். மார்ச்சில் ஒருத்தி. அப்புறம் அந்தத் தையல் கடைப் பெண். எல்லாருக்கும் என் அலமாரியிலிருந்துதான் எடுத்துப் போட்டேன். ஏப்ரலில் ஆயா ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது இப்போதுதான் எனக்குத் தெரிகிறதா?

நான்தான். வேறு யாரும் இல்லை.

மே 30, சனி

பத்தில் எட்டு மிச்சம் இருக்கிறது. அவ்வளவையும் சாக்கடையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? டாக்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. தங்கை என்னைத் தெய்வம் என்று ஊரெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் போனை எடுத்தாலே நான் வெளியே போய்விடுகிறேன்.

ஜூன் 1, திங்கள்

எட்டையும் ஐஸ் வைக்காமல், அலமாரியில் இருந்தபடியே கவரில் போட்டு அந்த அதிகாரியம்மாளிடம் கொடுத்தேன். எங்கே எத்தனை நாள் இருந்தது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவர் படித்துவிட்டு, இதை ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டார். கவரைப் பிரித்து எட்டையும் எண்ணிக் காட்டினேன்.

ஜூன் 18, வியாழன்

முடிவு வந்துவிட்டது. என் ஊசிகளில் பாதி வீரியம்கூட இல்லை. பூட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். லேபர் ரூமிலிருந்து தடுப்பூசிப் பிரிவுக்கு மாற்றம்.

மருந்தறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் தடுப்பூசி ஐஸ் பெட்டியைத் திறந்து தெர்மாமீட்டரை என்னிடம் நீட்டினார். படிக்கச் சொன்னார், படித்தேன். நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். பெட்டியை மூடும்போது சொன்னார்: “திருடன் பொண்ணுன்னு சொல்றாங்கன்னு என் மக பத்து நாள் ஸ்கூலுக்குப் போகல சிஸ்டர்.”

பன்னிரண்டு நிமிடத்தை அவரும் மறக்கவில்லை போலும். மருந்தறையின் இரண்டாவது சாவி இப்போது லேபர் ரூம் சுவரில் தொங்குகிறது.

ஜூலை 1, புதன்

இன்று வரிசையில் அந்தத் தையல் கடைப் பெண். குழந்தைக்கு மூன்றாவது ஊசி, ஒரு வாரம் தாமதம். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க இல்லன்னா நான் இல்ல சிஸ்டர்” என்றாள். அந்த மருந்துக்காரனைப் பிடித்துவிட்டார்கள்தானே என்றும் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்துவிட்டது.

கூட்டம் போன பிறகு பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னேன். அலமாரி, சூடு, எல்லாம். நிறுத்தாமல் சொன்னேன், நிறுத்தினால் தொடர முடியாது என்று பயம். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

பிறகு கேட்டாள்: “அப்போ என் உடம்புல குறை ஒண்ணும் இல்லையா?”

இல்லை என்றேன். ஒன்றும் இருந்ததில்லை.

“இத எங்க வீட்டுல வந்து சொல்வீங்களா? குறை உடம்புன்னுதான் தினம் சொல்லிக் காட்டறாங்க.”

ஜூலை 5, ஞாயிறு

போனேன். ஒற்றை அறை, தையல் மெஷின், கட்டில், சுவரோரம் கணவன், பாயில் மாமியார். சொன்னேன். மாமியார் நம்பவில்லை. உன்னை யார் பேசச் சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்டார். என்னைப் போலவே ஒரு சந்தேகப் பிராணி. எச்சரிக்கைக் கடிதத்தைக் காட்டி, முதலிலிருந்து மறுபடி சொன்னேன். மகனைப் படிக்கச் சொன்னார். அவன் படித்து முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மாமியார் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். என்னைத் திட்டவும் இல்லை, தண்ணீர் கொடுக்கவும் இல்லை.

கிளம்ப எழுந்தேன். அவள் கட்டிலில் குழந்தையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க சிஸ்டர்” என்றாள்.

உட்கார்ந்து, சொன்னேன்.