சிவப்பு வட்டத்துக்குள் 471

ஜூன் 16, திங்கள்

மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் ஓங்கரித்தேன். ஜமாஅத் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. ஐஸ்கிரீம், பிஸ்கட், பன் எதிலாவது 471 என்று எண் இருந்தால் அது பன்றிக் கொழுப்பாம். எழுந்து அலமாரியைப் பார்த்தேன். நாங்கள் தினமும் தின்கிற பொட்டலங்களிலேயே அந்த எண் இருக்கிறது.

பெருநாளுக்கு மறுநாள்தான் குற்றாலத்தில் தம்பி உவைஸ் கடையில் நானும் மகள் பாஹிமாவும் வயிறு முட்ட ஐஸ்கிரீம் தின்றோம். ஏழு வயதுப் பிள்ளை. நானே ஊட்டிவிட்டிருக்கிறேன். பல் தேய்த்தேன், மறுபடியும் தேய்த்தேன். நாக்கில் ஒரு வழவழப்பு போகவே மாட்டேன் என்கிறது. சீ.

ஜூன் 17

எல்லாவற்றையும் குப்பை வண்டியில் போட்டேன். "நாய்க்காவது போடலாம்லா" என்றார் மாமி, என் வீட்டுக்காரரின் தாயார். நாய்க்கும் போட மனசு வரவில்லை.

ஜூன் 19

உவைஸ் இரண்டு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. எடுத்து என்ன கேட்பது? ஏலே, என்னத்தலே எங்களுக்குத் தின்னத் தந்தே என்றா? வெல்டிங் வேலையை விட்டுவிட்டு ஆசைப்பட்டு அந்தக் கடையைப் பிடித்தான். ஐந்தருவி போகிற வழி. சீசன் கூட்டத்தை நம்பித்தான் வருஷம் முழுக்க அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. தெரிந்தே விற்றிருப்பானா?

ஜூன் 21, சனி

சுஜிதாவுக்குப் போன் செய்தேன். கல்லூரியில் என்னோடு படித்தவள், இப்போது திருநெல்வேலியில் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எண்ணெயும் தண்ணியும் சேராதுல்லா? அதைப் பிரிய விடாம பிடிச்சு வைக்குத சாமான்தான் அது. கொழுப்ப உடைச்சுச் செய்யுதாங்க. பாமாயில்லயும் செய்யலாம், மிருகக் கொழுப்புலயும் செய்யலாம். நம்பர மட்டும் பாத்து எதுன்னு சொல்ல முடியாது."

"அப்போ இருக்கலாம்லா?"

"டப்பாவுல பச்சைப் புள்ளி இருக்கா பாரு. மிருகக் கொழுப்புன்னா நம்ம நாட்டுல பச்சைப் புள்ளி போடக் கூடாது. அப்பவும் சந்தேகம்னா கம்பெனியில கேளு. கேக்காமலேயே தூக்கி எறிஞ்சிட்டு என்ட்ட வந்து நிக்கியே நஸீபா."

ஜூன் 23, திங்கள்

குற்றாலம் போனேன். நல்ல சாரல். அருவியில் கூட்டம் நெரிகிறது, ரோட்டில் கால் வைக்க இடமில்லை. உவைஸ் கடையில் மட்டும் ஒரு ஆள் இல்லை. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து ஈரத் துணியால் துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பச்சைப் புள்ளி இருக்கிறது. கம்பெனியிலும் கேட்டுவிட்டானாம். பாமாயிலில் செய்ததுதான், ஹலால் சான்றும் அனுப்பியிருக்கிறார்கள். நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். ஆனால் கீழே எழுதியிருந்ததை முழுக்க வாசித்தபோது இன்னொரு அருவருப்பு. பால் என்பது பேருக்கு. மற்றதெல்லாம் தண்ணீர், சீனி, பாமாயில். உள்ளே அடித்த காற்று ஓடிப்போகாமல் பொங்கினாற்போல் நிற்பதற்குத்தான் இந்த 471. காசு கொடுத்துக் காற்றைத் தின்றிருக்கிறோம்.

"இதையா பாலுன்னு பிள்ளைக்கு ஊட்டினேன்?"

"ஹராம் இல்ல லாத்தா. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றான். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே, "நீயும் போன எடுக்கலியே" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

ஜூன் 24

பக்கத்து வீட்டு ஷமீம் பானு காட்டினாள். "உன் தம்பி கடைதானட்டி இது? எல்லாரு போன்லயும் சுத்துது." அந்தச் செய்தியோடு இப்போது ஒரு படம். ஐஸ்கிரீம் டப்பா, 471-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம். பின்னால் உவைஸ் கடையின் போர்டு, ஒரு எழுத்துக்கூட மறையவில்லை. டப்பாவைக் கட்டிப் பிடித்திருக்கிற மருதாணிக் கை பாஹிமாவின் கை. கழுத்துக்கு மேலே வெட்டியிருக்கிறது.

நான் எடுத்த படம்.

ஜூன் 25

ஒருவருக்குத்தான் அனுப்பினேன். ஷார்ஜாவுக்கு. பிள்ளையின் வாப்பாவுக்கு.

ஜூன் 27, வெள்ளி

வீடியோவில் வந்தார். பல் குத்திக்கொண்டே பேசினார்.

"நாலு பேருக்கு நல்லதுன்னுதான் ரூம்ல உள்ளவங்களுக்குப் போட்டேன். இப்படிச் சுத்தும்னு யாரு கண்டா?"

"கடை போர்டு தெரியுதே மச்சான்?"

"நான் அத கவனிக்கல."

"பிள்ளை மூஞ்சிய மட்டும் கவனிச்சு வெட்டியிருக்கீங்களே?"

பல் குத்துவது நின்றது. சரி, தப்பாகப் போட்டுவிட்டேன் என்று அதே ஆட்களுக்கு எழுதுங்கள் என்றேன்.

"நானா? ஊருல எவன் என்னை மதிப்பான்?"

போன் திரையில் அவர் வாய் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். இந்த மனுஷனையா ஒவ்வொரு லீவுக்கும் வழி பார்த்துக் கிடந்தேன்?

ஜூலை 2, புதன்

குழுவில் நானே பேசிப் பதிவு போட்டேன். படம் என்னுடையது, அதில் வட்டம் போட்டது என் வீட்டுக்காரர், அந்த டப்பாவில் பன்றி இல்லை, கம்பெனி அனுப்பியது இதோ. ஒருத்தி கட்டைவிரல் போட்டாள். இன்னொருத்தி, "தம்பிக்குப் பரிஞ்சு பேசுதா" என்றாள். பழைய செய்தியை அனுப்பிய கைகளில் ஒன்றுகூட இதை அனுப்பவில்லை. அழுகின மாம்பழத்துக்குள் கை விட்டது போல இருக்கிறது.

மாமி என்னோடு பேசுவதில்லை.

ஜூலை 20

உவைஸ் கடையைக் காலி செய்துவிட்டான். பிரீசரைக் கம்பெனி வண்டி வந்து ஏற்றிப்போனது. தென்காசியில் பழைய பட்டறைக்கே திரும்பிவிட்டான்.

ஆகஸ்ட் 30, சனி

அவர் நேற்று லீவில் வந்தார். இன்று காலையில் தானாகவே பட்டறைக்குப் போய் உவைஸிடம் மன்னிப்புக் கேட்டாராம். "டீ வாங்கித் தந்தான். ரொம்பப் பேசல" என்றார். அவர் முகம் வாடித்தான் இருந்தது. பாவம் என்றுகூடத் தோன்றியது.

மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். எப்போதும் செய்கிற மாதிரி என் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். விரல் என் சோற்றில் பட்டது. நல்ல நெய்மீன், நான் வைத்த குழம்பு. அதற்கு மேல் ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. பாஹிமாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போவது போலத் தட்டோடு எழுந்து போய்ச் சோற்றைக் கொட்டினேன்.

அவர் கவனிக்கவில்லை. மாமி கவனித்தார். எனக்கு வேறு தட்டு எடுத்து வைத்தார், மகன் கை எட்டாத தூரத்தில் தள்ளி.