நாக்கு நீட்டிய பாராசூட்

என் செல்ல மகளே,

நீ எந்தக் கடலில் மிதந்துகொண்டிருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சிரித்த முகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவ்வப்போது முணுமுணுக்கிறது, பஸ்ஸில் கிளட்ச் மிதித்தே தேய்ந்துவிட்டது என்கிறார், எழுந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொன்னால்தான் அந்த வலி வருகிறது என்பது வேறு விஷயம். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, கப்பல் வேலை அப்படித்தான் என்று ஊருக்கெல்லாம் சமாதானம் சொல்கிறேன், என் மனசுக்குத்தான் சொல்ல முடியவில்லை.

நல்ல செய்தி என்னவென்றால் எங்கள் தையல் பட்டறையின் பாராசூட் விரிந்துவிட்டது! போன சோதனையில் துணி கிழிந்து, ஏவுகணை சுமந்துபோன டார்பிடோ, அந்த நீரடிக் குண்டு, கடலில் மடேரென்று விழுந்து உடைந்தது உனக்குத் தெரியும், வெடிமருந்து இல்லாத பயிற்சி டார்பிடோதான் என்றாலும் மானம் போனது எங்களுக்கு. இந்த முறையும் கிழிந்தால் வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடற்படைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மடித்து வைத்தது நான்தான். உன் அப்பா வேறு, கப்பலே கிட்டே போய்ப் போட்டால் என்ன என்று கேட்டார். கிட்டே போனால் எதிரியின் நீர்மூழ்கி நம் கப்பலையே அடித்துவிடும், தூரத்திலிருந்து டார்பிடோவை நீந்தவிட்டால் அது போய்ச் சேருவதற்குள் நீர்மூழ்கி நழுவிவிடும், அதனால்தான் ஏவுகணை அதை வானத்து வழியாகத் தூக்கிப்போய்ப் பக்கத்தில் விடுகிறது, பாராசூட் மெல்ல இறக்குகிறது, தண்ணீரைத் தொட்டதும் கழன்றுவிடுகிறது, பிறகு டார்பிடோ சத்தத்தை வைத்துத் தேடிப்போகிறது என்று விளக்கினேன். "அப்போ பஸ்ஸை விட்டவனை ஸ்கூட்டர்ல ஏத்தி அடுத்த ஸ்டாப்புல இறக்கி விடுற மாதிரின்னு சொல்லு" என்றார். மனுஷனுக்கு உலகமே பஸ் ஸ்டாப், ஆனால் சரியாகத்தான் பிடித்துவிட்டார்.

நேற்று, கடலிலிருந்து எடுத்த துணியைக் கிழிசல் பார்ப்பதற்காகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கப்பல்காரர்கள் எப்போதும் அழுக்குத் துணி மாதிரி சுருட்டித் திணித்துத்தான் அனுப்புவார்கள். இந்த முறை சாக்கைப் பிரித்தால் அழகாக மடித்திருந்தது. "இதென்னடி அதிசயம், கப்பல்ல யாருக்கு இவ்வளவு பொறுமை?" என்று மேற்பார்வை அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீளவாக்கில் மடித்து, விசிறி மடிப்பு வைத்து, கடைசி மடிப்பை உள்ளே செருகி, இடது மூலையை மட்டும் நாக்கு மாதிரி வெளியே விட்டிருந்தது. நம் வீட்டுப் போர்வை மடிப்பு. அது தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர், உன் அப்பாவுக்கு இன்றுவரை வரவில்லை. விரித்துப் பார்த்தோம், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், நான் தேம்பித் தேம்பி அழுதேன், பாராசூட் விரிந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று நீ சொல்லவும் வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, உன் கப்பலில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அப்படியே இருக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், ஈரத்துணியை மடிக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், ஒரே உப்பு வாடை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா