அடுப்பு இடிக்கும் முன் சேரவேண்டிய குடிக்கூலி ஓலை

நலம் ஓங்குக. வற்றாத மூன்று ஏரிகளும் நெல் ஓயாத எழுபது களங்களும் உடைய ஆலங்கோட்டையை, மன்னர் கடற்கரையில் வீற்றிருக்கும் இந்நாளில் அவர் இல்லாக் குறை ஒருவருக்கும் தோன்றாதபடி ஆண்டருளும் மூத்த தேவியார் வானவன்நங்கை நாச்சியார் திருவடிகளுக்கு, செங்கழுநீர் நாட்டுப் பெருமந்திரி மாவேள் சேந்தன் கழிமுகப்பட்டினத்திலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. அங்கு பசுக்களும் பயிர்களும் தேவியாரின் முழங்கால் நோவும் நலம் என்று கேட்க ஆவல்.

முதலில் ஒரு சொல். ஆலங்கோட்டையில் எவர் வீட்டு அடுப்பையும் இடிக்க விடாதிருங்கள். இதை முரசறைந்து சொல்ல ஆளனுப்பிவிட்டுப் பிறகு அமர்ந்து மீதியைக் கேட்டருளவும். மீதி நீளம், முரசுக்கோ நேரமில்லை.

மன்னர் தம் இருக்கையை இக்கடற்கரைப் பட்டினத்துக்கு மாற்றியதும், அரண்மனை எழுத்தரும் மடைப்பள்ளியாரும் வண்ணாரும் தச்சருமாக நூற்று நாற்பது குடும்பங்கள் வருகிற வளர்பிறைப் பத்தாம் நாள் அங்கிருந்து புறப்பட வேண்டும் என்று முடிவானதும் தேவியார் அறிந்தவை. வீடு விட்டுப் போகும் ஆலங்கோட்டைக் குடும்பம் புறப்படும் அன்று தன் மண் அடுப்பை இடித்து, அதிலொரு பிடி மண்ணைப் புது ஊருக்கு எடுத்துச் செல்லும் என்பதும், இடித்த பின் அதே வீட்டில் அக்குடும்பம் மறுபடி தீ மூட்டலாகாது என்பதும் தேவியாருக்கு யாம் சொல்லவா வேண்டும்? இடித்தால் இடித்ததுதான். திரும்பி வர வழியில்லை.

அவ்வாறு வரும் குடிகளுக்கு இங்கே வீட்டுக்கூலி என்ன ஆகும், அரண்மனை மாதந்தோறும் எவ்வளவு படி தரவேண்டும் என்று அறிந்து சொல்லவே அளவைநாயகம் காரி ஏறனை இரண்டு திங்களுக்கு முன் இங்கு வரவழைத்தோம். நெல்லை அளந்தால் ஒரு மணி பிசகாதவன், நிலத்தை அளந்தால் வரப்புக்காரர் இருவரும் வாழ்த்தும்படி அளப்பவன். அவனை விட்டால் வேறு யாரை அனுப்புவது? அவன் புறப்பட்ட அன்று, அப்போது ஆறு மாதக் கர்ப்பிணியாய் இருந்த அவன் மனைவி குஞ்சரமல்லி வாசலில் நின்று, ஊர் ஆயிரம் சொல்லும், முரசும் சொல்லும், உம் கை சொன்னதைத்தான் நான் நம்புவேன், நீர் எழுதி அனுப்பும், மற்றவரெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்கட்டும், முதல் அடுப்பை நான் இடிக்கிறேன் என்று சொன்னாளாம். ஏறன் இதை எம்மிடம் பெருமையாகச் சொன்னான். யாமும் சிரித்துக்கொண்டே கேட்டோம்.

ஏறன் முதல்நாள் அரண்மனைக் குடையும் இரண்டு காவலரும் சூழத் தெருவில் இறங்கினான். சங்குத்துறைத் தெருவில் சாத்தி என்னும் கைம்பெண்ணுக்கு ஒரு பெரிய வீடு உண்டு. அவள் குடையை ஒருமுறை பார்த்தாள், காவலரை ஒருமுறை பார்த்தாள், இரண்டு கையையும் விரித்துப் பத்து விரல் காட்டினாள். மறுநாள் ஏறன் குடையை விட்டுவிட்டுத் தனியாகப் போனான். அதே சாத்தி, அதே வாசல், அதே வீடு. ஐந்து விரல் காட்டினாள். அடுத்த தெருவில் அதைவிடப் பெரிய வீட்டுக்கு மூன்று விரல். அதற்கடுத்த தெருவில் கோழிக்கூடு போன்ற ஒன்றுக்கு எட்டு. உப்பளத்தை ஒட்டிய வீட்டுக்காரர் விரலே காட்டாமல், நீர் எந்த மாதத்தில் வருவீர் என்று கேட்டாராம். மாதத்துக்கும் சுவருக்கும் என்ன தொடர்பு என்று ஏறனுக்கு விளங்கவில்லை.

தேவியாரே, அவன் ஏன் வாய் திறந்து கேட்கவில்லை என்று கேட்பீர்கள். நம் ஊரில் யார் கேட்டார்கள்? இருக்கும் வீட்டுக்கு வாய்விட்டு விலை சொன்னால் வீட்டுத் தெய்வம் கோபிக்கும் என்று ஆலங்கோட்டையில் வீட்டுக்காரர் விரல்தானே காட்டுவார்; கேட்டவர் தலையாட்டுவார்; அத்தோடு பேச்சு முடிந்தது. மேலே ஒரு சொல் கேட்பவனை, வளர்த்தவர் சரியில்லை என்று தெருவே பேசும். ஏறன் வளர்ப்புச் சரியானவன். நாற்பத்திரண்டு வாசலில் நின்று நாற்பத்திரண்டு முறை தலையாட்டிவிட்டு வந்தான். விரல்களையெல்லாம் கூட்டி, வாசல்களால் வகுத்து, வீட்டுக்கு மாதம் ஐந்து காசு என்று எழுதினான். இரவெல்லாம் உறங்காமல் மூன்றுமுறை சரிபார்த்தானாம். கூட்டல் சரிதான், வகுத்தலும் சரிதான்; எதைக் கூட்டினோம் என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

அந்த ஓலையில் முத்திரை வைத்தது இந்த மந்திரி. இதை மறைப்பதற்கில்லை. ஐந்து காசு என்று கண்டதும் ஆகா, மலிவு என்று மகிழ்ந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் அரக்கை ஊற்றி அழுத்தினோம். தேவியாரும் அதை நம்பிப் படி ஐந்து காசு என்று முரசறைவித்தீர்கள்.

பிறகு ஏறன், வருகிற மனைவிக்காகச் சாத்தியின் வீட்டையே அமர்த்திக்கொண்டு அதில் குடிபுகுந்தான். பிள்ளை பிறக்கப்போகும் வீடல்லவா. குஞ்சரமல்லி வந்ததும் எதற்கும் தேடக்கூடாது என்று, நம் ஊர் முறைப்படி சோற்றுக்கு ஓர் அடுப்பு, பாலுக்கு ஓர் அடுப்பு, வெந்நீருக்கு ஓர் அடுப்பு என மூன்றும் தன் கையாலேயே மண் குழைத்துப் போட்டான். மண் காய வேண்டும் என்று மூன்றிலும் தீ மூட்டி வைத்தான். மாத முடிவில் ஐந்து காசை வெற்றிலையில் வைத்து நீட்டினான். சாத்தி வாங்கவில்லை. கூரையைக் காட்டினாள். மூன்று இடத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு யார் கூலி கேட்டது, சுவரையா தின்னப் போகிறேன், அடுப்புக்கு ஐந்து காசு, மூன்று அடுப்பு எரிகிறது, பதினைந்தை எடும் என்று அவள் இடுப்பில் கை வைத்துச் சொன்னாளாம். இப்பட்டினத்தில் ஒரு கூரையின் கீழ் நான்கைந்து குடும்பங்கள் இருப்பதால், எரியும் அடுப்பை எண்ணித்தான் குடிக்கூலி. பிறந்த குழந்தைக்கும் இது இங்கே தெரியும். ஆகையால் எவரும் இதைச் சொல்வதில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள், நம் ஆள் கேட்பானா?

ஏறன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பின்பு, வளர்ப்பையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக வீட்டுக்கூலியைப் பற்றி வாய்விட்டுக் கேட்கத் தொடங்கினான். கேட்கக் கேட்கத் தெளியும் என்று நினைத்தான். கேட்கக் கேட்கக் குழம்பியது. கிணற்றுக் கயிற்றுக்குத் தனியே மாதம் ஒரு காசாம். கப்பல் வந்து நிற்கும் நான்கு மாதமும் வணிகர் வந்து நிறைவதால் அடுப்புக்கு ஐந்து என்பது எட்டாகுமாம். உப்பளத்துக்காரர் மாதம் கேட்டது இதற்குத்தான். குடிபுகும் முன்பே மூன்று மாதக் கூலியை முன்பணமாகக் கட்டவேண்டுமாம்; அரண்மனை ஆள் என்பதால்தான் சாத்தி அவனிடம் கேட்காமல் விட்டாளாம். அப்படியானால் மூன்று விரல் காட்டிய பெரிய வீடு ஏன் மலிவு என்று கேட்டான். ஐப்பசியில் அங்கே கடல்நீர் முழங்கால்வரை நிற்கும், அடுப்பு எரிந்தால்தானே கூலி என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாளாம். அந்த மூன்று விரலையும் ஏறன் தன் கூட்டலில் சேர்த்திருந்தான்.

நேற்றுக் காலை அவன் எம் முன் வந்து நின்ற நிலையைத் தேவியார் கண்டிருக்க வேண்டும். குழந்தை போல அழுதான். சுவடி நிறைய எண்கள். அடித்ததும் திருத்தியதும் அடித்ததைத் திருத்தியதும். ஒரே வீட்டுக்கு ஐந்தும் பத்தும் பதினைந்தும் இருபத்தைந்தும் எழுதியிருந்தான். இவற்றில் எது மெய்க்கூலி என்று கேட்டோம். எல்லாமே மெய், பெருமானே, அதுதான் என்னைக் கொல்கிறது என்றான். கணக்கன் எல்லார் கணக்கும் அறிவான், தன் கணக்கை அறியான் என்பார்கள். யாமும் அச்சுவடியை எடுத்துவைத்துக்கொண்டு விளக்கேற்றும்வரை பார்த்தோம். எமக்கும் தலை சுற்றியதே தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசியில் சாத்தியையே அழைத்து, ஒரு குடும்பம் இங்கே மானத்தோடு ஓராண்டு பிழைக்க என்ன வேண்டும் என்று கேட்டோம். அவளுக்கு எண்ணிப் பார்க்கச் சுவடி வேண்டியிருக்கவில்லை. மூன்று அடுப்பெல்லாம் அரசிக்கு, குடியானவளுக்கு ஓர் அடுப்பு போதும், சோறு இறக்கியதும் பாலை ஏற்றட்டும், பாலை இறக்கியதும் வெந்நீரை ஏற்றட்டும், கப்பல் மாதத்துக் கூலியான எட்டையே ஆண்டு முழுதும் நினைத்துக்கொள்ளட்டும், கயிற்றுக்கு ஒன்று, ஆக ஒன்பது, அதற்குக் குறைத்து எவன் சொன்னாலும் அவன் இங்கே குடியிருந்தவன் அல்லன் என்றாள். நாற்பத்திரண்டு வாசல் சொல்லாததை அவள் பாக்கு மென்றுகொண்டே சொல்லிவிட்டாள்.

ஆகவே கட்டளை. மன்னர் செவியில் இதனைச் சேர்த்து, அவர் இசைவு பெற்று உரைப்பது: முன்னர் அறைந்த ஐந்து காசு இன்றோடு செல்லாது. குடும்பத்துக்கு மாதம் ஒன்பது காசு படி. மூன்று மாத முன்பணமாக இருபத்தேழு காசு கையில் விழுந்த பின்பே ஒரு வீட்டார் தம் அடுப்பில் கை வைக்கலாம். வர மனமில்லாதவர் வரவேண்டாம். அவர் வேலை ஆலங்கோட்டையிலேயே நிற்கும். அவரைப் பழிப்பவர் தண்டம் கட்டுவர். வருகிறவர் இப்பட்டினத்தில் கூலி கேட்கும்போது எதற்கு, எத்தனைக்கு, எந்த மாதத்துக்கு என்று வாய்விட்டுக் கேட்கக் கடவர். வீட்டுத் தெய்வம் கோபித்தால் அக்கோபம் இந்த மந்திரி மேல் வரட்டும்.

இன்று வளர்பிறை ஐந்தாம் நாள். குதிரை மாற்றி மாற்றி ஓடினாலும் நான்கு நாள் வழி. ஒரே ஒரு நாள்தான் மிச்சம்.

தேவியார் இனி எழுதுவதைத் தனியே கேட்டருளவும். முரசு ஒலித்தால் மற்ற நூற்று முப்பத்தொன்பது வீட்டாரும் நிற்பார்கள். குஞ்சரமல்லி நிற்பாளா என்பது ஏறனுக்கு ஐயமாக இருக்கிறது. அவள் முரசை நம்புகிறவள் அல்லள். ஐந்து காசு என்று அவன் தன் கையால் அவளுக்கு எழுதி அனுப்பிய ஓலை அவள் இடுப்பு முடிச்சில் இருக்கிறது. எட்டு மாத வயிற்றோடு கடப்பாரையை எடுத்து வாசலில் வைத்திருப்பாள். அவனே மறுத்து எழுதட்டும் என்றால், பிழையான கணக்கை எழுதிய கை தீர்ப்பு வரும்வரை எழுத்தாணி தொடலாகாது என்பது நம் நாட்டு முறை. அம்முறையை இந்த மந்திரியால் உடைக்க முடியாது. அவனைக் குதிரையில் ஏற்றி அனுப்பலாம் என்றால், நெல் மூட்டையைத் தவிர வேறெதன் மேலும் அவன் ஏறியதில்லை. ஆலங்கோட்டை சேர்வதற்குள் பிள்ளை பிறந்து பெயரும் வைத்திருப்பார்கள்.

ஆகையால் இவ்வோலையை அவையில் படிக்கும் முன், ஓர் ஆள் இதை எடுத்துக்கொண்டு ஏறன் வீட்டுக்குப் போகட்டும். அவளிடம் ஒன்றும் படிக்க வேண்டாம். ஓலையின் அடியில் அரச முத்திரைக்கு அருகே அரக்கில் ஒரு விரல் பதிந்திருப்பதை மட்டும் காட்டட்டும். நகம் நடுவில் பிளந்திருக்கும். திருமணமான ஆண்டில் நெல் அளக்கும் இரும்பு மரக்கால் விழுந்து பிளந்த நகம் அது. மூன்று திங்கள் அதற்கு மருந்து கட்டியவள் அவள்; கண்டால், முரசு சொன்னது அவன் கையும் சொன்னதே என்று தெளிவாள்.

மாவேள் சேந்தன் ஏவ, ஓலைநாயகம் எழுதியது. மீன் முத்திரை இட்டது. அதனருகே உள்ளது காரி ஏறனின் வலக்கைச் சுட்டுவிரல். அரக்கு ஆறட்டும், பொறு என்று சொன்னோம். ஆறினால் நகம் தெளிவாக விழாது என்று அவன் கொதிக்கக் கொதிக்கவே வைத்தான்.